பிளக் பாயிண்டைத் தலைகீழாக மாட்டலாமா? மூன்றை மாட்டியே விட்டார்

குடமுருட்டிக்கரை எழுதியது:

வணக்கம். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். பூச்சு முடிந்தது, டைல்ஸ் முடிந்தது, போன வாரம் சுவிட்ச், பிளக் எல்லாம் மாட்டி முடித்தார்கள். தை முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். அதற்குள் ஒரு சந்தேகம் தீர்ந்தாக வேண்டும்.

வீட்டில் மொத்தம் 26 பிளக் பாயிண்ட். அதில் 23 நாம் எல்லா இடத்திலும் பார்க்கிற மாதிரி, பெரிய எர்த் ஓட்டை மேலே, சின்ன ஓட்டை இரண்டும் கீழே. மீதி மூன்று தலைகீழ். கண்டுபிடித்தது நானில்லை, நாலாவது படிக்கிற என் மகள். "அப்பா, இது மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது" என்றாள். போய்ப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான். மேலே இரண்டு கண், கீழே உருண்டையாக ஒரு வாய். சமையலறை மேடைக்கு மேல் இரண்டு, ஹாலில் டிவி வருகிற இடத்தில் ஒன்று.

ஒயரிங் பார்த்த தம்பி நல்ல வேலைக்காரர்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. சென்ட்ரிங் போட்டுக் கம்பி கட்டும்போதே வந்து பைப் போட்டவர், சொன்ன நாளில் வருகிறவர். அவரிடம் கேட்டேன். "அண்ணே, கரண்டுக்கு மேல என்ன, கீழ என்ன? வேணும்னுதான் அப்படி வச்சேன்" என்றார். காரணமும் சொன்னார், அதில் என் பங்கும் இருக்கிறது. சமையல் மேடை முதலில் இரண்டரை அடி உயரம் என்றுதான் பேச்சு. அதை வைத்து, மேடையிலிருந்து அரை அடி உயரத்தில் பெட்டி பதித்துவிட்டார். அப்புறம் என் மனைவி, குனிந்து குனிந்து இடுப்பு போகிறது, மூன்று அங்குலம் ஏற்றுங்கள் என்றார். கொத்தனார் ஏற்றினார். அதன் மேல் கலவை, அதன் மேல் கிரானைட். கடைசியில் பார்த்தால் கிரானைட்டுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைகிறது. கிரைண்டர் பிளக்கைச் சொருகினால் அதன் ஒயர் கீழ்ப்பக்கமாக வெளியே வந்து கிரானைட்டில் இடித்து மடங்குகிறது. அதனால் திருப்பி வைத்துவிட்டால் ஒயர் மேல்பக்கமாகப் போகும் என்பது அவர் கணக்கு. டிவிக்குக் கீழே பலகை வருவதால் அங்கேயும் அதே கணக்கு.

கேட்டால் சரி என்றுதான் படுகிறது. ஆனால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமனார், மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார். எர்த் ஓட்டைக்குக்கூட வாஸ்து உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சித்தப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பி, இங்கே எல்லாமே வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறது, நீ ஏன் பயப்படுகிறாய் என்று எழுதியிருக்கிறான்.

நானும் சும்மா இருக்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு 26 பாயிண்டையும் பார்த்தேன். ஷட்டர் இருப்பதால் டெஸ்டர் உள்ளே போகாது, எர்த் ஓட்டையில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு அழுத்திக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றிலும் வலது பக்க ஓட்டையில்தான் விளக்கு எரிகிறது. தலைகீழாக இருக்கும் மூன்றிலும் அதே வலது பக்கம்தான். ஆகவே ஒயரிங்கில் தப்பில்லை என்று தெரிகிறது.

கேள்வி இவ்வளவுதான். இப்படியே விட்டுவிடலாமா? இல்லை, டைல்ஸை உடைத்துப் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லவா? உடைத்தால் ஒட்டுவதற்கு அதே டைல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.


பாபநாசம் ஒயர்மேன் எழுதியது:

சார், 22 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். மேலே, கீழே என்பதை அப்புறம் பேசலாம். உங்கள் பதிவின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மூன்றிலும் வலது பக்கம்தான் எரிகிறது, ஆகவே தப்பில்லை என்று. அங்கேதான் தப்பு இருக்கிறது.

பிளக் பாயிண்டுக்கு நேரே நின்று பாருங்கள். எர்த் மேலே இருந்தால் வலது கைப் பக்கம் ஃபேஸ் (கரண்ட் வருகிற ஒயர்), இடது கைப் பக்கம் நியூட்ரல் (அது திரும்பிப் போகிற ஒயர்). இது நம் ஊர் வழக்கம், உங்கள் 23 பாயிண்டிலும் அது சரியாக இருக்கிறது. இப்போது அதே சாக்கெட்டை அப்படியே சுற்றித் தலைகீழாக வையுங்கள். எர்த் கீழே வந்துவிட்டது. வலது பக்கம் இருந்த ஃபேஸ் ஓட்டை எங்கே போகும்? இடது பக்கம் போகும். ஆக, தலைகீழ் சாக்கெட்டில் டெஸ்டர் இடது பக்கம் எரிந்தால்தான் சரி. உங்களுக்கு வலது பக்கம் எரிகிறது என்றால், நியூட்ரல் போட வேண்டிய ஸ்க்ரூவில் ஃபேஸைப் போட்டு முறுக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இது எப்படி நடக்கிறது என்றால், நாங்கள் எல்லாம் கைப்பழக்கத்தில் வேலை செய்கிறவர்கள். வலது ஃபேஸ், வலது ஃபேஸ் என்று நாற்பது பாயிண்ட் போட்ட கை, நாற்பத்தொன்றாவது தலைகீழாக இருந்தாலும் அதையேதான் செய்யும். போதாததற்கு, நாங்கள் ஒயர் முறுக்குவது சாக்கெட்டின் முதுகுப் பக்கம். முதுகிலிருந்து பார்த்தால் இடம் வலம் ஏற்கெனவே மாறியிருக்கும். அதைத் திருப்பி வேறு வைத்தால் எது எங்கே என்று தலை சுற்றும். அதனால்தான் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எர்த் குறி என்று பொறித்திருக்கிறார்கள். கையைப் பார்த்துப் போடக் கூடாது, எழுத்தைப் பார்த்துப் போட வேண்டும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதல் வாரம் முழுக்க இதைத்தான் சொல்வேன். இரண்டாவது வாரம் மறந்துவிடுவார்கள்.

மாறியிருந்தால் என்ன ஆகும்? மிக்ஸி ஓடும், டிவி ஓடும், ஒன்றுமே தெரியாது. உள்ளே ஓடுவது ஏ.சி. கரண்ட், மோட்டாருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். மெயின் போர்டில் இருக்கிற ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுபிடிக்காது. கரண்ட் கசிந்தால்தான் அது விழுந்து லைனை வெட்டும், இடம் மாறியிருந்தால் விழாது. தொல்லை எங்கே என்றால் மிக்ஸியின் சொந்த சுவிட்சில். பல சாமான்களில் அந்த சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும், ஃபேஸ் வருகிற ஒயர் என்று நினைத்து வெட்டும். உங்கள் வீட்டில் அது நியூட்ரலை வெட்டும். மிக்ஸி நின்றுவிட்டது, ஆனால் உள்ளே மோட்டார் சுருள் வரைக்கும் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். டேபிள் லாம்ப்பில் அணைத்துவிட்டு பல்பு மாற்றுகிறவர் கதையும் இதுதான். சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டால் ஒன்றும் ஆகாது. நம் வீடுகளில் யார் சுவர் சுவிட்சை அணைக்கிறார்கள்?

அதையும் சும்மா நம்பாதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த மூன்று பாயிண்டிலும் இரண்டு ஓட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் சுவிட்சும் நியூட்ரலில் இருக்கிறது என்று பொருள், அது இதைவிட மோசம்.

ஈர்க்குச்சி வித்தையை விட்டுவிடுங்கள் சார். ஊரே செய்கிறது, தெரியும். இரண்டு பின் சார்ஜரைச் சொருக எர்த் ஓட்டையில் பென்சில், ஊக்கு, ஸ்க்ரூடிரைவர் என்று எதைக் கண்டாலும் விடுகிறோம். ஷட்டர் வைத்ததே சின்னப் பிள்ளைகள் எதையாவது விடாமல் இருக்கத்தான். நாலாவது படிக்கிற பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது மேலே, கீழே விஷயம். பிளக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று பின்னில் எர்த் பின் மட்டும் தடியாகவும் நீளமாகவும் இருக்கும். நீளம் எதற்கு? சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். தடிமன் எதற்கு? அது தவறிப் போய் ஃபேஸ் ஓட்டைக்குள் நுழையக் கூடாது. உள்ளே ஒயர் கட்டும்போதும், தெரிந்த ஆள் எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட்டுத்தான் கட்டுவார். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் ஃபேஸ் முதலில் பிய்ந்து வரட்டும், எர்த் கடைசி வரை நிற்கட்டும் என்று. ஒயர் வெளியே வருகிற வழி எர்த்துக்கு எதிர்ப்பக்கம். எர்த் மேலே என்றால் ஒயர் நேராகக் கீழே தொங்கும், அதன் பாரம் பிளக்கைத் தொந்தரவு செய்யாது. தலைகீழாக்கினால் ஒயர் மேலே எழும்பி வளைந்து கீழே விழ வேண்டும். கிரைண்டர் ஒயர் தடி ஒயர். அதன் பாரமும் வளைவும் சேர்ந்து பிளக்கை நாளாக நாளாக நெம்பிக்கொண்டே இருக்கும். பிடி லூசானால் பின் சூடாகும், சூடானால் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு ஏறும், அப்புறம் கருகல் வாடை. மாசத்துக்கு ஒரு வீட்டிலாவது இந்தக் கருகின சாக்கெட்டைக் கழற்றுகிறேன்.

பாதி வெளியே வந்த பிளக்கின் மேல் கரண்டியோ தோசைத்திருப்பியோ விழுந்தால், எர்த் மேலே இருப்பதால் அதில் பட்டுத் தப்பித்துவிடும் என்றும் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். நான் இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அதற்காக எர்த்தை மேலே வைப்பதைவிட, ஒயர் ஒழுங்காகத் தொங்குவதற்காக வைப்பதுதான் தினப்படிக்கு உதவுகிறது.

ஆக என் முடிவு: டிவி பாயிண்டைத் தலைகீழாகவே விட்டுவிடலாம். டிவி ஒயர் மெல்லியது, சொருகினால் வருஷக்கணக்கில் யாரும் தொட மாட்டார்கள். எல், என் மாற்றினால் போதும். சமையலறை இரண்டையும் கண்டிப்பாக மேலே ஏற்றுங்கள். தலைகீழ் என்பதற்காக இல்லை, இரண்டு விரல் உயரம் என்பதற்காக. கிரைண்டர் கழுவுகிற தண்ணீர், மேடை துடைக்கிற ஈரத்துணி எல்லாம் அங்கேதான் வந்து முட்டும். கிரானைட்டிலிருந்து முக்கால் அடியாவது வேண்டும். பழைய பெட்டியை உடைத்து எடுக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு வெற்று மூடி போட்டுவிட்டு, மேலே புதுப் பெட்டிக்கு மட்டும் டைலை வெட்டினால் போதும்.


நியூஜெர்சி மன்னார்குடியான் எழுதியது:

மேலே சொன்ன சித்தப்பா மகன் நானில்லை, ஆனால் நானும் அதே மாதிரி சுவர்களுக்கு நடுவில்தான் 14 வருஷமாக இருக்கிறேன். அமெரிக்காவில் கீழேதான் என்று சட்டம் எதுவும் கிடையாது. இங்கே எல்லா எலக்ட்ரீஷியனும் கையில் வைத்திருக்கிற நேஷனல் எலக்ட்ரிகல் கோடு புத்தகத்தில் எர்த் மேலேயா கீழேயா என்று சொல்லப்படவே இல்லை. வழக்கத்தில் வீடுகளில் கீழே இருக்கும், ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மேலே பார்க்கலாம். இங்கே இது ஒரு தீராத பட்டிமன்றம். வீட்டைப் புதுப்பிக்க வந்த இரண்டு எலக்ட்ரீஷியன்கள் என் சமையலறையில் இதற்காகக் கால் மணி நேரம் வாதாடியதைக் காபி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், அந்தக் கால் மணிக்கும் நான்தான் கொடுத்தேன்.

ஒரு வேடிக்கை. இங்கே சில வீடுகளில் ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் தலைகீழாக இருக்கும். அது வாசல் பக்கத்து சுவிட்சோடு சேர்ந்தது, சுவிட்சைத் தட்டினால் அதில் சொருகிய விளக்கு எரியும் என்பதற்கு அடையாளம். வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள்.

ஆனால் இங்கே இருப்பதைப் பார்த்து அங்கே முடிவு செய்யாதீர்கள். இங்கே 120 வோல்ட், அங்கே 230. இங்கே தட்டைப் பின், அங்கே உருண்டைப் பின். முக்கியமாக, இங்கே ஃபிரிட்ஜ் மாதிரி சாமான்களுக்கு வருகிற மடக்குப் பிளக்கில், எர்த் கீழே இருந்தால்தான் ஒயர் கீழே தொங்கும்படி செய்திருக்கிறார்கள். அங்கே எர்த் மேலே இருந்தால்தான் ஒயர் கீழே தொங்கும். பாபநாசத்துக்காரர் சொன்னதுதான் இரண்டு நாட்டுக்கும் பொது: ஒயர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள். (மன்னார்குடி வீட்டில் அப்பா இன்னமும் மிக்ஸி பிளக்கை ஒயரைப் பிடித்துத்தான் இழுக்கிறார். எர்த் ஒயரை நீளமாக விடுகிற ரகசியத்தை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இன்று இரவே போன் போட்டுத் திட்ட வேண்டும்.)


கூத்தாநல்லூர் வாசி எழுதியது:

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிங்கப்பூர் ரைஸ் குக்கர் உண்டு. அதன் பிளக்கில் செவ்வகப் பின் மூன்று, 13 ஆம்ப், பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ். அதுவும் எர்த் மேலேதான், ஒயர் கீழேதான். வாப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் குக்கரோடு ஒரு மாற்றுப் பிளக்கும் (அடாப்டர்) வாங்கி வருவார். உங்கள் வீட்டு மேடை மாதிரி எங்கள் மச்சி வீட்டிலும் பாயிண்ட் தாழ்வு. அந்த மாற்றுப் பிளக், அதன் மேல் குக்கர் பிளக் என்று தலைகீழில் சொருகினால் மொத்தமும் முன்னால் சாய்ந்து நிற்கும், பாதிப் பின் வெளியே தெரியும். மாற்றுப் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு குக்கர் ஒயருக்கே நம் ஊர் 16 ஆம்ப் பிளக் கட்டிய பிறகுதான் நிம்மதி.


திருத்துறைப்பூண்டி பெரியவர் எழுதியது:

தம்பி, மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி ரிட்டயர் ஆனவன் நான். ஒயர்மேன் தம்பி சொன்னது அத்தனையும் சரி. இதில் எனக்குச் சொல்ல இருப்பது உயரத்தைப் பற்றி. நீங்கள் சமையலறையைப் பார்த்துவிட்டீர்கள், ஹாலில் தரையோடு ஒட்டி எத்தனை பாயிண்ட் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே?

இப்போதெல்லாம் கட்டுகிற வீட்டில் பார்க்கிறேன், தரையிலிருந்து முக்கால் அடியில் பிளக். அழகாக இருக்கிறதாம், சோபாவுக்குப் பின்னால் ஒயர் தெரியாதாம். நம் ஊர் டெல்டா. ஆறும் வாய்க்காலும் எந்த வருஷம் எங்கே உடையும் என்று யாருக்குத் தெரியும்? பழைய வீடுகளில் திண்ணையே மூன்றடி உயரம், சுவிட்ச் போர்டு தோள் உயரம். தெரியாமலா வைத்தார்கள்? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது நான் பணியில் இருந்தேன். அப்புறம் வாரக்கணக்கில் கம்பம் நட்டோம். ஊர் ஊராக ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள், செல்போன் சார்ஜ் போட்டார்கள். லைன் கொடுக்கும்போது ஒவ்வொரு தெருவிலும் கேட்போம், வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று. தரையோடு ஒட்டிப் பிளக் இருந்த வீட்டில் மெயினைப் போடவே விட மாட்டோம். சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே களிமண் குழைவாக உட்கார்ந்திருக்கும். வெளியே துடைத்துவிட்டால் புதுசு மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து.

இன்னொன்று, பைப் தரை வழியாகப் போகிறதா, கூரை வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள். தரை வழியாகப் போனால் தண்ணீர் பைப்புக்குள்ளேயே தங்கிவிடும், வீடு காய்ந்த பிறகும் அது காயாது. உங்களுக்குச் சென்ட்ரிங்கிலேயே பைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது.

எர்த் மேலே, எர்த் கீழே என்று இவ்வளவு பேசுகிறோமே, அந்த ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா? பச்சை ஒயர் இருப்பது வேறு, எர்த் இருப்பது வேறு. உங்கள் பக்கம் வண்டல், ஈரம் நிற்கிற மண், நல்ல எர்த் கிடைக்கும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை ஒழுங்காக இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் மட்டும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். எங்கள் பக்கம், வேதாரண்யம் பக்கம், மண்ணிலேயே உப்பு. எர்த் பிரமாதமாகக் கிடைக்கும், ஆனால் பைப்பை அரித்துத் தின்றுவிடும். மேலே பார்த்தால் பைப் நிற்கும், கீழே தோண்டினால் துருதான் வரும். உங்கள் ஆளை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தால் பல்பை வைத்ததுமே அது விழும். விழுந்தால் சந்தோஷப்படுங்கள், எர்த் இருக்கிறது. நீங்களே செய்யாதீர்கள், ஈர்க்குச்சி விட்ட கை அது.

கடைசியாகக் குளவி. சிரிக்காதீர்கள். சின்ன ஓட்டை இரண்டுக்கும் ஷட்டர் இருக்கிறது, எர்த் ஓட்டைக்குக் கிடையாது. அதுதான் பெரிசும்கூட. ஆள் இல்லாத அறையில் ஒரு மாசம் சும்மா விட்டால் குளவி வந்து அதில் மண் அடைத்துக் கூடு கட்டிவிடும். பிளக்கை அழுத்திச் சொருகுவோம், மண் பொடிந்து உள்ளே போகும், மற்ற இரண்டு பின்னும் தொட்டுக்கொண்டு சாமான் ஓடும், எர்த் மட்டும் தொடாது. கிரைண்டரில் கை வைத்தால் சுர்ரென்கிறது என்று கூப்பிட்ட ஒரு வீட்டில் காரணம் இதுவாகத்தான் இருந்தது. குண்டூசி முனையால் சுரண்டினால் உள்ளே காய்ந்த புழு ஒன்றும் வந்தது.


குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வலது பக்கம் எரிகிறது என்று பெருமையாக எழுதிய அந்த வரியை அழித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் தம்பி வந்தார். பாபநாசத்துக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மெயினை அணைத்துவிட்டு டிவி பாயிண்டைக் கழற்றினார். என் போனில் டார்ச் அடித்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். 'என்' என்று பொறித்த ஸ்க்ரூவில் சிவப்பு ஃபேஸ் ஒயர், 'எல்'லில் கறுப்பு நியூட்ரல் ஒயர். சமையலறையிலும் அப்படியே. "கைப்பழக்கம் அண்ணே" என்றார், அவ்வளவுதான். மாற்றிப் போட்டார். இப்போது மூன்றிலும் இடது பக்கம் எரிகிறது. சுவர் சுவிட்சை அணைத்தால் இரண்டு பக்கமும் எரியவில்லை.

யாரும் சொல்லாத ஒன்றும் கிடைத்தது. ஒயர் எல்லாம் கூரையிலிருந்து இறங்குவதால் பெட்டிக்கு மேல்பக்கமாகத்தான் உள்ளே வருகிறது. எர்த் ஸ்க்ரூ மேலே இருந்தால் பச்சை ஒயர் தாராளமாக எட்டும். தலைகீழாக்கியதும் அது கீழே போய்விட்டது, அரை அங்குலம் பற்றவில்லை. சமையலறையில் அடுப்புப் பக்கத்துப் பாயிண்டில் அந்தப் பச்சை ஒயர் வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. தம்பி விரலால் தொட்டார், கையோடு வந்துவிட்டது. நுனியில் இரண்டு இழை மட்டும்தான் ஸ்க்ரூவுக்குள் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு டைலை உடைப்பதா வேண்டாமா என்கிற பேச்சே எழவில்லை.

பெரியவர் கேட்டதற்கு: ஹாலில் தரையோடு ஒட்டி நாலு பாயிண்ட் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது, டெஸ்ட் லாம்ப் போட்டதும் விழுந்தது. அந்த நாலையும் தனி எம்.சி.பி.யில் (மெயின் போர்டில் இருக்கிற தானியங்கி சுவிட்ச்) பிரித்துவிடுகிறேன் என்று தம்பி சொல்கிறார், மழைக்காலத்தில் தேவைப்பட்டால் அதை மட்டும் அணைத்துக்கொள்ளலாம். ஏற்றுவதற்கு இப்போது கையில் காசு இல்லை ஐயா, உள்ளதைச் சொல்கிறேன்.

டிவி பாயிண்ட் தலைகீழாகவே இருக்கிறது. மகள் அதற்கு ஸ்கெட்ச் பேனாவால் புருவம் போட்டுவிட்டாள். மாமனார் அதைப் பார்த்து, சரி, திருஷ்டிக்கு ஒன்று இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சமையலறைக்கு இரண்டு புதுப் பெட்டி வெட்ட வேண்டும், கையில் ஒரு டைல்தான். வாங்கிய கும்பகோணம் கடையில் அந்த மாடலே வருவதில்லை என்கிறார்கள். 12-க்கு 18, சந்தன நிறம், ஓரத்தில் சின்னச் சின்னதாகக் காப்பிக்கொட்டை படம் போட்டது. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யார் வீட்டிலாவது மொட்டை மாடியில் இரண்டு கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.